படத்துக்காக உரைத்த சாதிக்காய்

போன கிழமை நம் பள்ளிக்கூடப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி சாதிக்காய்ப் படம் போட்டிருந்தாள். அழகான படம்தான். வெள்ளைப் பீங்கானில் பிளந்த காய், கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலைபோல வசவாசி, பக்கத்தில் சும்மா அலங்காரத்துக்கு இரண்டு கறுவாப் பட்டை. கீழே பயன்கள் என்று ஒரு வரிசை: செமிபாட்டுக்கு, வயிற்றோட்டத்துக்கு, முகப்பருவுக்கு, கைக்குழந்தைகள் நன்றாகத் தூங்குவதற்கு. நீங்கள் எல்லோரும் பூப்போட்டுப் பாராட்டினீர்கள். நான் மட்டும் "கடைசி வரியை அழித்துவிடு" என்று எழுதினேன். ஏன் என்று கேட்டாள். நான் பதில் போடவில்லை. கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுக்கும் என் வயதுதான் என்பதால் அதை எழுதாமல் விட்டிருக்கிறாள்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் அடங்காது. இத்தனை வருடத்தில் இதை உம்மாவிடமும் சொன்னதில்லை, என் மனுஷனிடமும் சொன்னதில்லை. நீங்கள் கேட்டுவிட்டு என்ன நினைத்தாலும் சரி.

எங்கள் வீடு வத்தேகம தாண்டிப் பன்வில போகிற பாதையோரம் இருந்தது. முன்பக்கம் வாப்பாவின் ஸ்டோர், பின்பக்கம் நாங்கள். சுற்றுவட்டத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, ஏலம், சாதிக்காய் வாங்கிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்புவதுதான் வாப்பாவின் தொழில். அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் மணக்கும். தலையணை மணக்கும், குர்ஆன் வைக்கிற பலகை மணக்கும், என் கொப்பிப் புத்தகம் மணக்கும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், என்னைக் "கறிச்சட்டி" என்றுதானே கூப்பிட்டீர்கள். மறந்துவிட்டதாக நடிக்க வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், சாதிக்காய் விழத் தொடங்கிய மழைக்காலத்தில், ஒரு படக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஒரு திணைக்களத்தில் வேலை. யாழ்ப்பாணத்தவர், ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. நம் ஊர்ச் சரக்குகளையும், வீடுகளில் அவற்றை எதற்கெல்லாம் பாவிக்கிறார்கள் என்பதையும் படம் பிடித்து ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். கண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் ஒரு பழைய மொரிஸ் மைனர் காரில் வருவார். "எங்கட சரக்கு பொஸ்தகத்துல வரப்போகுது" என்று வாப்பா கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சரக்கைப் படம் எடுப்பதில் பிரச்சினை இருக்கவில்லை. சாக்கில் காய்கிற கராம்பு, தட்டில் ஏலம், கொழுக்கியில் தொங்கும் தராசு எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. பாவனையை எடுப்பதில்தான் சிக்கல் வந்தது. பல்லுக்குக் கராம்பு வைப்பதும், மிளகும் மல்லியும் அவித்துக் குடிநீர் வைப்பதும், பிள்ளைக்கு மருந்து உரைப்பதும் குசினியில் நடக்கிற காரியங்கள். உம்மா அந்நிய ஆணின் முன் வரமாட்டார். முகம் வேண்டாம், கை மட்டும் காணும், அது போதும் என்று படக்காரர் வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தார். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து உம்மா சொன்னார்:

"கையும் நான்தானே. அத மட்டும் கழட்டியா குடுக்கேலும்?"

அப்படித்தான் என் கை வேலைக்கு வந்தது. நான் இன்னும் பெரியபிள்ளையாகவில்லை, ஆகவே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உம்மா திரைக்குப் பின்னால் இருந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார், நான் செய்வேன், படக்காரர் எடுப்பார். அவருடையது மேலிருந்து குனிந்து பார்க்கிற கமெரா. ஒருநாள் என்னையும் பார்க்க விட்டார். கண்ணாடிச் சதுரத்துக்குள் எங்கள் அம்மி இடம் வலம் மாறி நின்றது. தினமும் காலையில் தேசிக்காய்ப் பாதியால் நகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நான் தயாராக இருப்பேன்.

"நல்ல கை, பிள்ளை. நடுங்கேல்லை" என்றார் ஒருநாள்.

என்னில் எதையும் அதுவரை யாரும் நல்லதென்று சொன்னதில்லை. நான் கறுப்பு, கணக்கு வராது, பல் கொஞ்சம் மிதப்பு. அந்த இரண்டு கிழமையும் நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். நடந்ததற்கு இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது.

வீட்டில் இன்னொருவர் இருந்தார், மாமி. வாப்பாவின் மூத்த சகோதரி, தன் மாப்பிள்ளை மௌத்தாகி விதவையான பிறகு எங்களோடு வந்து இருந்தவர். வீட்டுக்குள் சட்டம் போடுவது அவர். அவருடைய சட்டங்களில் ஒன்று, பிஸ்மி சொல்லி ஒரு பிள்ளையின் பேருக்கு உரைத்த மருந்தைக் கீழே கொட்டக்கூடாது என்பது. உரைத்தது முழுவதும் அந்தப் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். கொட்டினால் நோய் அந்தப் பிள்ளையைத் தேடித் திரும்பி வரும். உம்மாவும் இதை நம்பினார். அதனால்தான் தம்பிக்கு எது உரைத்தாலும் மருந்துக்கல்லில் மூன்று இழுவைக்கு மேல் இழுக்கமாட்டார். மூன்று இழுவை என்றால் கல்லில் ஈரத்தின் நிறம் சற்று மாறும், அவ்வளவுதான்.

தம்பிக்கு அப்போது எட்டு மாதம். மூன்று பெண்பிள்ளைகள் பிறந்து இரண்டு தங்காமல், கடைசியில் வந்தவன். பல் முளைக்கிற நேரம், வயிறு சரியில்லை, இரவெல்லாம் அழுகை. அன்று காலை உம்மா களைத்துப்போய்ச் சொன்னார்:

"மகள், தம்பிக்கு சாதிக்காய் ஒரசு. அவருக்கும் படமாப் போகும், இவனும் கொஞ்சம் தூங்குவான்."

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போனார். மாமி ஸ்டோருக்குப் பின்னால் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் முன் விறாந்தையில் பாயைப் போட்டு, தம்பியைத் தலையணையில் சாய்த்து வைத்து, மருந்துக்கல்லைக் கழுவிக்கொண்டு இருந்தேன். பிஸ்மி சொன்னேன். தம்பியின் பேரைச் சொன்னேன். மூன்று இழுவை இழுத்தேன். படக்காரர் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தெரியேல்லைப் பிள்ளை. கல்லிலை தண்ணி மட்டும்தான் தெரியுது. இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "காணாது. தடிப்பா வரவேணும்." இன்னும் இழுத்தேன். வெயில் மேகத்துக்குள் போனது, அவர் காத்திருந்தார், நானும் கை ஓயாமல் உரைத்துக்கொண்டிருந்தேன். வெயில் திரும்பி வந்தபோது காயில் கால்வாசி கரைந்து, கல்லில் தேன்நிறத்தில் ஒரு களி திரண்டிருந்தது. மினுமினுக்கட்டும் என்று அதில் கொஞ்சம் கித்துள் பாணி விட்டவளும் நான்தான். அவர் கேட்கவில்லை.

"ஆ, இப்ப வடிவு" என்றார். கல்லை எடுத்தார், கையை எடுத்தார். "பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி ஒண்டு" என்றார். நான் விரல் நுனியில் தொட்டுத் தம்பியின் நாக்கில் வைத்தேன். பாணியின் இனிப்புக்கு அவன் விரலைப் பிடித்துச் சப்பினான். படக்காரர் அதையும் எடுத்தார். "காணும் பிள்ளை" என்று சொல்லி, வெயில் இருக்கும்போதே ஏலத்தை இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று ஸ்டோர்ப் பக்கம் திரும்பினார்.

கல்லில் அத்தனையும் அப்படியே இருந்தது. பிஸ்மி சொல்லி, பேர் சொல்லி உரைத்தது. கொட்டினால் தம்பிக்கு நோய் வரும். நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? விரலால் வழித்து வழித்து ஊட்டினேன். அவனும் சிரித்துச் சிரித்துத் தின்றான். நாடியெல்லாம் பூசிக்கொண்டான். ஸ்டோர் வாசலில் ஒரு 'கிளிக்' கேட்டு நிமிர்ந்தேன். படக்காரர் அங்கே நின்று, சிரிப்பு மாறாமல், எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்திருந்தார். எங்கள் வீட்டு வழக்கம் இதுதான் என்று நினைத்திருப்பார். அவருக்கு அதில் என்ன தெரியும்?

தம்பி தூங்கிவிட்டான். உம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "இண்டைக்குத்தான் புள்ள கண்ணயர்ந்தீக்கி" என்று மாமியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. லுஹர் தொழுகைக்குப் பிறகும் தூங்கினான். சோறு தின்றோம், தூங்கினான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், என் மருந்து வேலை செய்கிறதென்று.

மூன்று மணி அளவில் உம்மா பால் கொடுக்க எழுப்பினார். எழும்பவில்லை. காலில் சுண்டினார், தண்ணீர் தெளித்தார். தம்பி கண்ணைப் பாதி திறந்து எங்கோ பார்த்துவிட்டு மூடினான். முகம் சிவந்து காய்ந்திருந்தது. உதடு வெடித்த மாதிரி உலர்ந்திருந்தது. நெஞ்சில் கையை வைத்த உம்மா வெடுக்கென்று எடுத்தார். சட்டைக்கு மேலாலேயே துடிப்பு தெரிந்தது.

"யா அல்லாஹ்! மகள், நீ எவ்வளவு ஒரசின? மூணு இழுவ தானே?"

"ஓம் உம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. மூன்று இழுத்தேன் என்பது பொய்யும் இல்லை என்று அதே நொடியில் எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பத்து வயதில் அவ்வளவு கெட்டித்தனம் எங்கிருந்து வந்ததோ.

சாதிக்காய் உடைக்க ஒரு பெண் வருவார், பன்வில தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்து. நான் அக்கா என்று கூப்பிடுவேன். சத்தம் கேட்டு உள்ளே வந்தவர் தம்பியின் வாயருகே குனிந்தார்.

"முதலாளியம்மா, புள்ள வாயில சாதிக்கா வாடை தூக்கலா அடிக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க."

மாமிக்குக் கோபம் வந்தது. "இந்த ஊட்டுக்குள்ள எதுலதான் சாதிக்காய் மணம் இல்ல? உன்ட கைய மோந்து பாரு" என்றார். அக்கா தன் கையைப் பார்த்தார். காலையில் இருந்து சாதிக்காய் உடைத்த கை. போகும்போது என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் திரைச்சீலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணூறு என்று மாமி தீர்ப்புச் சொன்னார். பதினைந்து நாளாக ஒரு கறுப்புப் பெட்டி கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறது, ஆண்பிள்ளை இருக்கிற வீடு, வேறென்ன வரும் என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்துத் தம்பியைச் சுற்றி ஓதி ஊதி அடுப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. நெடி வரவில்லை. மாமி உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இப்போது யோசித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கொழுந்துவிட்டு எரிகிற விறகடுப்பு, மேலே ஆள் நுழைகிற அளவு புகைபோக்கி. அதில் ஒரு சாக்கு மிளகாயைப் போட்டாலும் யாருக்கும் தும்மல் வந்திராது.

அந்த நேரமெல்லாம் நான் பேசியிருக்கலாம். 'நான்தான் கொடுத்தேன்' என்று இரண்டு சொல். தொண்டைவரை வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும், 'இன்னும் கொஞ்சத்தில் தம்பி எழும்பிவிடுவான், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்' என்று அதை விழுங்கினேன். தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே நின்றேன். எண்ணிக்கை தவறினால் அவன் மௌத்தாகிவிடுவான் என்று பயந்து திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

அஸருக்குப் பிறகு வாப்பா வந்தார். மாமி சொன்னதைக் கேட்டார், தம்பியைத் தொட்டார், நேரே ஸ்டோருக்குப் போனார். படக்காரர் ஏலத் தட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். மூன்று மணியில் இருந்து வீட்டுக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வாப்பா அவரைச் சட்டைக் கொலரில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்.

"என்ன முதலாளி, என்ன நடந்தது?"

"என்ட புள்ள கண் தொறக்குறானில்ல. ஒன்ட பெட்டியால வந்த வென!"

படக்காரர் அப்போதுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"கார் நிக்குது முதலாளி. பிள்ளையை ஏத்துங்கோ. கதைக்க நேரமில்லை."

"ஒன்ட கார்ல என்ட புள்ளய ஏத்தவா? நீ செஞ்சது காணாதா?"

இருவருக்கும் நடுவே ஒரு இழுபறி. மழை தூறத் தொடங்கியது. அப்போது திரைச்சீலை விலகியது. உம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். தலையில் இருந்த சீலை தோளுக்கு வழுகியிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு விரலைக்கூடக் கமெராவுக்குக் காட்டாத உம்மா, பாதையில் போனவர்கள் எல்லாம் பார்க்க, படக்காரருக்கு முன்னால் நடந்துபோய்க் காரின் பின்கதவைத் திறந்து ஏறினார்.

"எடுங்க" என்றார்.

நானும் ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. வாப்பா லொறியில் பின்னால் வந்தார்.

அந்தப் பயணம் இன்றும் எனக்கு முடியவில்லை. மழை பலத்தது. கண்ணாடி துடைக்கும் தண்டு ஒரு பக்கம்தான் வேலை செய்தது. பின்னால் உம்மா சலவாத்து ஓதுகிற சத்தம், நடுவே "மகனே, மகனே" என்று கன்னத்தில் தட்டுகிற சத்தம். மடவளை தாண்டி ஓர் இறக்கத்தில் படக்காரர் என் பக்கம் திரும்பாமல் மெல்லிய குரலில் கேட்டார்:

"பிள்ளை, கல்லிலை இருந்தது முழுக்கவும் குடுத்தனியோ?"

என்ஜின் சத்தத்தில் உம்மாவுக்குக் கேட்டிருக்காது. நான் தலையை ஆட்டினேன். என் வாழ்நாளில் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே ஒப்புதல் அந்தத் தலையாட்டல்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஒரு பஸ் நின்றுபோய் வாகனங்கள் தேங்கியிருந்தன. அவர் மழையில் இறங்கி ஓடி, யார் யாரிடமோ தெரிந்த சிங்களத்தில் கெஞ்சி, வாகனங்களை ஒதுக்கச் செய்து காரை எடுத்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் இருந்தார். தம்பியின் கண் இமையை உயர்த்திப் பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"தாய்ப்பால் மட்டும்தான் டொக்டர். காலைல மூணு இழுவ சாதிக்காய்" என்றார் உம்மா.

"இல்லை டொக்டர்" என்றார் படக்காரர். "கால்வாசிச் சாதிக்காய். காலமை பத்தரை மணிபோலை. படத்துக்காக இந்தப் பிள்ளையைக் கொண்டு தடிப்பா உரைப்பிச்சனான். இந்தப் பிள்ளை எழும்பிப் போன பிறகு, மிச்சத்தை நான்தான் ஊட்டினனான்."

உம்மா அவரைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. டொக்டர் எதையும் பார்க்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசல்வரை வந்திருந்த வாப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அடித்தார். கன்னத்தில் விழுந்த முதல் அடியிலேயே கண்ணாடி தெறித்துச் சுவரோரம் போய் விழுந்தது. படக்காரர் கையை உயர்த்தவும் இல்லை.

"ஒன்ட பிலிமக் குடு! கழுவிப் பொலிசுல குடுப்பன். நீ என்ன செஞ்சேண்டு ஊரே பாக்கட்டும்!"

அந்தப் பிலிமில் யார் விரல் தம்பியின் வாயில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவரைக் காப்பாற்ற உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். படக்காரர் பையைத் திறந்து அன்று எடுத்த சுருள்களை எடுத்தார். மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக முத்திரைத் தாளைக் கிழித்து, ஆஸ்பத்திரி விளக்கு வெளிச்சத்தில் கடைசிவரை இழுத்து உருவினார். சாம்பல் நிற நாடா அவர் காலடியில் சுருண்டு கிடந்தது. பிறகு கீழே குனிந்து தடவித் தடவிக் கண்ணாடியைத் தேடினார். அது என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். "சரி பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

"பாத்தீங்களா, களவன் அழிக்கிறான்" என்றார் வாப்பா, சுற்றி நின்றவர்களிடம்.

தம்பி மறுநாள் சுபஹு பாங்கு சொல்லும்போது அழுதான். பசியில் அழுகிற சாதாரண அழுகை. அந்தச் சத்தத்தைக் கேட்டு உம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். இனிச் சொல்லலாம் என்று தோன்றியது, இனிப் பயமில்லை என்று. அப்போது உம்மா என்னை இழுத்து மடியில் வைத்து, என் வலது கையை எடுத்து முத்தமிட்டார்.

"பாவம், இதுக்கென்ன தெரியும். இந்தப் புள்ளட கையக் கொண்டெல்லோ நஞ்ச ஒரசவெச்சீக்கான்."

அவ்வளவு செல்லமாக உம்மா என்னை அதற்கு முன் பிடித்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி இன்று பேரப்பிள்ளை கண்டவன். பல்லேகலயில் வீடு கட்டிச் சுகமாக இருக்கிறான். வாப்பாவும் உம்மாவும் மாமியும் அந்தப் படக்காரரைத் திட்டிக்கொண்டே மௌத்தாகிக் கபுறடிக்குப் போனார்கள். மாமியின் அந்தச் சட்டம் தவறு என்றோ, ஒரு பிடி மருந்தைக் கொட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிராது என்றோ எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கால்வாசிச் சாதிக்காய் என்று படக்காரர் உடனே சொன்னதால்தான் வைத்தியம் நேரத்துக்கு நடந்தது என்று டொக்டர் சொன்னதை உம்மா கேட்டார். அதையும் யாரும் பிறகு எடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் அதே திணைக்களத்தில் இருந்து வேறொருவர் வந்தார். பழைய படக்காரர் எங்கே என்று வாப்பா கேட்டபோது, "அவர் இப்ப எங்களிட்டை இல்லை" என்றார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் வந்ததாகவும் தெரியவில்லை. அவர் பேரை நான் பின்னாளில் பல இடங்களில் விசாரித்தேன். ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகமுன் வாப்பா என்னை ஸ்டோர் மேசைக்குக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொல்லி, நீளத் தாள் ஒன்றையும் மைப் பேனையையும் என் முன் வைத்தார். வாப்பாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். வீட்டில் நல்ல கையெழுத்து என்னுடையது.

"பெட்டிசம் போடோணும் மகள். நான் செல்லுறன், நீ வடிவா எழுது."

எழுதினேன். கனம் பணிப்பாளர் அவர்களுக்கு என்று தொடங்கி எழுதினேன். தங்கள் உத்தியோகத்தர் எமது வீட்டுக்கு வந்து எமது ஆண் குழந்தைக்கு என்று எழுதினேன். அந்த இடத்தில் வாப்பா சற்று யோசித்து, "தன்ட கையாலயே ஊட்டினாரெண்டு போடு" என்றார். தமது கையாலேயே ஊட்டினார் என்று எழுதினேன். அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுதினேன். ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. கை நடுங்கவும் இல்லை. வாப்பா கையொப்பம் போட்டு, உறையில் இட்டு, முத்திரை ஒட்டி என்னிடம் தந்தார்.

"தபால்பெட்டியில போட்டுட்டு வாங்க மகள்" என்றார். அவர் எனக்கு அப்படி மரியாதையாகச் சொன்னது அன்றுதான்.

தபால்பெட்டி பாதை வளைவில், ஒரு பலாமரத்தடியில் இருந்தது. போகும் வழி முழுக்க உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன், மழையில் நனையக்கூடாதென்று. பெட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

அப்போது நேரம் பன்னிரண்டு. தபால்காரர் நாலு மணிக்குத்தான் வந்து பெட்டியைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். நாலு மணித்தியாலம் இருந்தது. ஓடிப்போய் வாப்பாவிடமோ உம்மாவிடமோ உண்மையைச் சொன்னால், அவர்கள் பெட்டியடியில் காத்துநின்று கடிதத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். அதையெல்லாம் நான் அங்கே நின்று தெளிவாக யோசித்தேன். பிறகு வீட்டுக்குப் போனேன். உம்மா இறைச்சி ஆக்கி, தம்பி பிழைத்ததற்காக நெய்ச்சோறு போட்டிருந்தார். எனக்கு நல்ல பசி. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.